தியானம் இலவசம் என்றால் எதுவரைக்கும் இலவசம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பால்மரத்து மகள்
ஞாயிறு இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். மூன்று வாரமாகச் சனிக்கிழமை சாயங்காலம் இங்கே ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இலவசத் தியான வகுப்பு நடக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஒரு ஆன்மீகக் குழு வந்து நடத்துகிறது, மொத்தம் ஆறு வாரம். பெயரைப் போடவில்லை, அவர்கள் மேல் புகார் சொல்ல நான் வரவில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கச்சான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு பிள்ளை துண்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து, "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க அக்கா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன்.

அம்மாவுக்கு 69 வயது. 31 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். நாலு மணிக்கு எழுந்து எங்களுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு, பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து, மத்தியானம் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால் வீட்டு வேலை நிற்கும். இப்போது பேரப்பிள்ளைகள். வகுப்பில் முதல் வாரம் இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் பார்க்கச் சொன்னார்கள். முழங்கால் மடங்காதவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முடிந்து காரில் ஏறும்போது அம்மா சொன்னார், "இவ்வளவு நேரம் யாரும் என்னைக் கூப்பிடாமல் நான் உட்கார்ந்ததே இல்லை." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, கொஞ்ச நேரம் வண்டியை எடுக்க முடியவில்லை.

நேற்று மூன்றாவது வாரம். வகுப்பு முடிந்ததும் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். ஐ.சி. (அடையாள அட்டை) நம்பர், வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, மாத வருமானம் எல்லாம் கேட்டிருந்தது. அடுத்த கட்டம் என்று மூன்று நாள் முகாம் இருக்கிறதாம், அதற்கு 280 வெள்ளி (ரிங்கிட்). நான் எதையும் எழுதாமல் பாரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதே என்று ஒரே சத்தம். அம்மாவோ அடுத்த சனிக்கிழமைக்கு இப்போதே சேலை எடுத்து வைத்திருக்கிறார்.

இந்த மாதிரி இலவச வகுப்புக்குப் போனவர்கள், நல்லதோ கெட்டதோ, நடந்ததைச் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டும்.


லோரிக்காரர்
ஞாயிறு இரவு 10:15

உங்கள் தம்பி பேசுவது சரி. எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) தண்ணீர் ஃபில்டர் விற்க வந்தவர்களும் முதலில் இலவசமாகத் தண்ணீரைச் சோதித்துத்தான் காட்டினார்கள், கடைசியில் என் மனைவி பத்து மாதம் தவணை கட்டினார். ஐ.சி. நம்பரை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. மூச்சைப் பார்ப்பதற்கு மாதச் சம்பளம் எதற்கு?


கம்பாங் போனவன்
ஞாயிறு இரவு 11:52

அக்கா, கடைசிவரைக்கும் இலவசமாகவே இருக்கிற ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். பகாங்கில் கம்பாங் என்ற இடத்தில் விபாசனா தியான நிலையம் ஒன்று இருக்கிறது, தம்ம மலாயா என்று பெயர். கோயங்கா என்பவர் வகுத்த முறை. மண்டலேயில் பிறந்த இந்திய வியாபாரக் குடும்பத்துக்காரர், பர்மாவில் ஊ பா கின் என்ற அரசாங்க அதிகாரியிடம் கற்றுக்கொண்டு 1969-ல் இந்தியாவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2013-ல் காலமாகிவிட்டார். அவருடைய குரல் பதிவை வைத்துத்தான் இன்றைக்கும் வகுப்பு நடக்கிறது.

பத்து நாள். படுக்கை, சாப்பாடு, வகுப்பு எதற்கும் காசு கிடையாது. முதல் தடவை போகிறவர் நன்கொடை கொடுக்க நினைத்தாலும் பத்து நாளும் முடித்த பிறகுதான் வாங்குவார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து போன யாரோ கொடுத்த காசில் நான் சாப்பிட்டேன். இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டது, ஏனென்றால் நான் அப்போது வேலை போய் மூன்று மாதம் வீட்டில் இருந்தேன், கையில் பஸ் காசுதான் இருந்தது.

ஆனால் காசு வாங்காவிட்டாலும் சுலபம் என்று நினைக்காதீர்கள். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், நாலரைக்கு உட்கார வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். பதினோரு மணிக்குச் சாப்பாடு, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தேநீரும் பழமும், இரவுச் சாப்பாடு இல்லை. கைப்பேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது, கண்ணால் ஜாடை காட்டவும் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நாலாம் நாள்தான் உடம்பு முழுக்க உணர்ச்சிகளைப் பார்க்கிற பயிற்சி ஆரம்பம். அதற்கப்புறம் தினமும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். எனக்கு ஐந்தாம் நாள் இடுப்பு விட்டுப்போனது போல இருந்தது, அதைவிட மோசம் மனது. செத்துப்போன அப்பாவோடு நான் கடைசியாகப் போட்ட சண்டை அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது, போக மாட்டேன் என்றது. இரண்டு நாள் அழுதேன். எட்டாம் நாள் கொஞ்சம் இறங்கியது. இறங்கியது என்றுதான் சொல்கிறேன், தீர்ந்தது என்று சொல்லவில்லை.

அங்கேயும் பாரம் இருக்கிறது. ஆனால் அதில் கேட்பது உடம்பு, மனநலம், என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பது. அது நியாயமான கேள்வி. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதை மறைத்துவிட்டு இந்த மாதிரி நீண்ட தியானத்துக்குப் போகவே கூடாது, சிலருக்குத் தூக்கம் கெட்டு, பயம் பிடித்து, இருந்த நிலைமையும் மோசமாகிவிடும். உங்கள் அம்மா போவது வாரத்துக்கு ஒரு நாள், இருபது நிமிடம், நாற்காலியில். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.


பால்மரத்து மகள்
திங்கள் காலை 6:20

தம்பி, அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் படித்தேன், அதே நினைப்பாக இருக்கிறது. அவர்கள் பாரத்தில் மருந்தைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. இதை நீங்கள் சொல்லித்தான் கவனித்தேன்.


மூணாவது டிவிஷன்
திங்கள் மத்தியானம் 1:05

மருந்து என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இது எங்கள் வீட்டில் நடந்தது.

என் மாமியாருக்கு இனிப்புநீர் (நீரிழிவு), ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. அவரும் ஒரு இலவச வகுப்புக்குத்தான் போனார், வேறு ஊர், வேறு குழு. நல்ல மனிதர்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம், வீட்டுக்கு வந்து பேசுவார்கள், பிள்ளைகளுக்குப் பழம் வாங்கி வருவார்கள். அதில் தொண்டு செய்கிற ஒரு பெண்மணி, மேடையில் பேசுபவர்கூட இல்லை, மாமியாரிடம் தனியாக, மனது சுத்தமானால் உடம்பு தானாகச் சுத்தமாகும், மாத்திரை விஷம், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். மாமியார் எங்களிடம் சொல்லவில்லை. மாத்திரையை எடுத்து எண்ணி வாயில் போடுவது போலக் காட்டிவிட்டுப் பின்பக்கம் வாழைமரத்தடியில் போட்டிருக்கிறார். நாலு மாதம். காலில் சின்னப் புண் வந்தது, செருப்பு கடித்தது என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்மணி பார்க்க வந்தார், அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் இப்போது குறைந்துவிட்டது, அவர் நம்பியதைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குழு நடத்துகிறவர்கள் மேல் கோபம் குறையவில்லை. மருந்தை நிறுத்தாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே மைக்கில் ஒரு தடவை சொல்லியிருந்தால் மாமியாருக்குக் கால் விரல் இருந்திருக்கும். ஒரு தடவை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அக்கா, கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் வகுப்பு முடிந்ததும் அம்மாவிடம் யார் என்ன பேசுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். மண்டபத்தில் பேசுவதைவிட வாசலில் செருப்புப் போடும்போது பேசுவதுதான் பெரியவர்கள் காதில் ஏறும்.


பழைய டிரஸர்
திங்கள் இரவு 8:30

மூணாவது டிவிஷன், உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் 27 வருடம் மருந்து கட்டியவன் நான், இந்தக் கதையை வேறு வேறு வடிவில் நிறையப் பார்த்திருக்கிறேன். சில சமயம் தியானம், சில சமயம் நாட்டு மருந்து, சில சமயம் சாமியாடி வாக்கு. விளைவு ஒன்றுதான். 2019-ல் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில் இந்த நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் என்று வந்தது, நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். அப்படி இருக்கும்போது நம் ஆட்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில் மருந்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது பெரிய தப்பு.

அதே சமயம் தியானத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், தசை தளரும். தினமும் செய்தால் ரத்தக்கொதிப்பும் ஓரளவு குறையலாம். ஆனால் குறைந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டியது ரத்தக்கொதிப்பு பார்க்கும் கருவி, மருந்தைக் குறைக்க வேண்டியது டாக்டர். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் தோட்டங்களுக்கும் தியானத்துக்கும் ரொம்ப நெருங்கிய தொடர்பு இருக்கிறது, இளைய பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பத்தமடையில் 1887-ல் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் 1913-ல் கப்பலேறி மலாயா வந்தார். சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் வேலை. பிறகு ஜோகூர். பத்து வருடம் நம் தாத்தா பாட்டிமாருக்குக் காய்ச்சலும் புண்ணும் பார்த்தார், இல்லாதவர்களிடம் காசு வாங்கவில்லை. 1923-ல் ஊர் திரும்பி, அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் துறவறம் வாங்கினார். அவர்தான் சுவாமி சிவானந்தர். 1936-ல் அவர் ஆரம்பித்த தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்குப் பத்துமலையில் ஆசிரமம் இருக்கிறது. யோகம் சொல்லிக்கொடுக்கப் போன பிறகும் அவர் நோயாளிக்கு மருந்து கொடுப்பதை விடவில்லை, ரிஷிகேசத்தில் தர்ம வைத்தியசாலை வைத்தார். தியானம் செய்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மகளே, நீ கேட்டதற்கு வருகிறேன். அவர்கள் சங்கங்களின் பதிவிலாகாவில் பதிந்தவர்களா என்று கேள். 1966-ம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கம் வருடா வருடம் கூட்டம் போட்டு, கணக்கை ஒப்படைக்க வேண்டும். பதிவு எண் கேட்டால் கோபப்படாமல் காட்டுவார்கள். 280 வெள்ளி யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்று பார், சங்கத்தின் பெயரா, தனி ஆளின் பெயரா. ரசீது உண்டா. நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குத் தயாராகவே இருப்பார்கள்.


அந்தோணியார் தெரு
திங்கள் இரவு 9:12

நாங்கள் கத்தோலிக்கர்கள். இரவில் தூக்கம் வருவதில்லை என்று எனக்கும் போக ஆசை, ஆனால் அங்கே ஓம் சொல்லச் சொல்வார்களா, சாமி படத்துக்குக் கும்பிடச் சொல்வார்களா? வீட்டுக்காரர் இதைத்தான் கேட்கிறார்.


திங்கட்கிழமைத் தவம்
செவ்வாய் காலை 10:45

வாழ்க வளமுடன். நான் மனவளக்கலை மன்றத்தில் பதினோரு வருடமாகத் தொண்டு செய்கிறேன், எங்கள் ஊரில் திங்கட்கிழமை தவம், தியானத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வகுப்பு நடத்துகிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

அந்தோணியார் தெரு சகோதரிக்கு முதலில். குழுவுக்குக் குழு வேறுபடும். எங்களிடம் வேதாத்திரி மகரிஷி சொன்ன தவத்தில் புருவ மத்தியில் நினைவை வைத்துப் பழகுவார்கள், மதம் மாறச் சொல்வதில்லை, முஸ்லிம் அன்பர்களும் வருகிறார்கள். ஆனாலும் குரு வணக்கம் என்று ஒன்று உண்டு, அது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் அமைதியாக இருக்கலாம். நீங்கள் போகிற இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கமே இல்லை.

காசு விஷயம். மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தறியில் உட்கார்ந்தவர், 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தை ஆரம்பித்தார். உழைக்கிறவனுக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதால்தான் கை, கால், மூச்சு, கண் என்று எளிய உடற்பயிற்சியாக அமைத்தார். ஆனால் மண்டபத்துக்கு யாராவது வாடகை கட்ட வேண்டும். மின்விசிறிக்குக் கரண்ட் கட்டணம் உண்டு. ஈப்போவிலிருந்து வருகிற ஆசிரியர் காருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வருகிறார். எங்கள் ஊரில் இதை நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் இருபது, முப்பது வெள்ளி என்று போட்டுச் சமாளிக்கிறோம், மேல் பயிற்சிக்கு ஒரு கட்டணம் வைக்கிறோம், முடியாதவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறோம். கட்டணம் இருப்பதாலேயே ஏமாற்று என்று லோரிக்கார அண்ணன் முடிவு கட்டிவிட வேண்டாம். மூன்று நாள் படுக்கை, ஒன்பது வேளைச் சாப்பாடு என்றால் 280 பெரிய தொகை இல்லை. ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் சொல்லாமல், மனது இளகிய பிறகு மூன்றாம் வாரம் பாரத்தை நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாமல் செய்திருக்கலாம். அப்படியிருந்தாலும் திருத்திக்கொள்ள வேண்டிய தப்பு.

மருந்தைப் பற்றி மூணாவது டிவிஷன் எழுதியதை எங்கள் ஆசிரியர்கள் எல்லாருக்கும் வாட்சாப்பில் அனுப்பியிருக்கிறேன். இனி எங்கள் மன்றத்தில் ஒவ்வொரு புது வகுப்பிலும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்போம்.


மூணாவது டிவிஷன்
செவ்வாய் மத்தியானம் 12:30

நன்றி ஐயா. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். நல்லது என்றார்.


லோரிக்காரர்
செவ்வாய் இரவு 7:50

தவம் ஐயா சொல்வது புரிகிறது. எண்ணெய், வாடகை எல்லாம் உண்மைதான், நான் வண்டி ஓட்டுகிறவன், எனக்குத் தெரியாதா. ஆனால் தோட்டத்தை விட்டு வந்த நம் ஆட்கள் கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள். சம்பளத்தில் பிடித்தால் எதற்குப் பிடித்தீர்கள் என்று கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) கேட்காத பரம்பரை. வெள்ளை உடுப்பில் ஒருவர் அன்பாகப் பேசினால் மறுப்பது பாவம் என்று நினைப்போம். அதனால்தான் நான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.


ஓம் சாந்தி அக்கா
புதன் காலை 5:15

நான் பிரம்மா குமாரிகள் என்ற ஆன்மீக அமைப்பின் ஏழு நாள் பாடத்துக்குப் போனேன், கண்ணைத் திறந்துகொண்டே செய்கிற ராஜயோகத் தியானம். பாடத்துக்குக் கட்டணம் கிடையாது. அமைதியாக இருந்தது, இப்போதும் காலையில் உட்காருகிறேன், இதை எழுதுவதும் உட்கார்ந்து எழுந்த பிறகுதான். ஆனால் முழுதாக அந்த வழியில் போகிறவர்களுக்கு ஒழுங்குகள் உண்டு. பிரம்மச்சரியம், சைவம், வெங்காயம் பூண்டு இல்லாத சமையல், விடியற்காலைத் தவம். அவர்கள் இதை மறைப்பதில்லை. எனக்குக் கணவரும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள், என்னால் எதுவரை போக முடியும் என்று நானே யோசித்து, பாடத்தோடு நின்றுகொண்டேன். நின்றதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதனால் காசைவிட இதை முக்கியமாகக் கேளுங்கள் தங்கச்சி. நான் வராமல் போனால் என்ன ஆகும்? அடுத்த வாரம் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். சரிம்மா, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றால் நிம்மதியாகப் போகலாம். தினமும் போன் பண்ணி, வராவிட்டால் குடும்பத்துக்குத் தோஷம், உன்னைத் தடுக்கிறவர்கள் தீயவர்கள் என்று பேசினால் அன்றோடு விட்டுவிடுங்கள்.


பால்மரத்து மகள்
ஞாயிறு காலை 11:30

நேற்று நாலாவது வாரம், போய் வந்தேன். தம்பியையும் வரச் சொன்னேன். முறைத்துக்கொண்டே வந்தான், பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் பாடம் நடத்துகிற அந்தப் பெண்ணிடம் தனியாகப் போய்ப் பேசினேன். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, லோரிக்கார அண்ணன் சொன்ன கூச்சம் எனக்கும் இருக்கிறது. பதிவு எண் கேட்டேன், உடனே கைப்பேசியில் எடுத்துக் காட்டினார், வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. முகாம் காசு சங்கத்தின் கணக்குக்குத்தான் போகிறது, ரசீது உண்டு. வருமானம் எதற்கு என்று கேட்டேன். படிப்பு உதவிக்காக அவர்களிடம் வேறொரு திட்டம் இருக்கிறதாம், அந்தப் பாரத்தையே இங்கேயும் கொடுத்துவிட்டார்களாம். பேரும் போன் நம்பரும் போதும் அக்கா, மற்றதை அடித்துவிடுங்கள் என்றார். ஐ.சி. நம்பரும் வேண்டாம் என்றார். இதில் எது நிஜம், எது சமாளிப்பு என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்டவுடன் மாற்றிக்கொண்டார்.

அப்புறம் மருந்து. மூணாவது டிவிஷன் வீட்டில் நடந்ததைச் சொன்னேன், ஊர் பேர் சொல்லாமல். அந்தப் பெண்ணுக்கு முகமே மாறிவிட்டது. எனக்குப் பதில் எதுவும் சொல்லவில்லை, நேராக மேடைக்குப் போய் மைக்கை எடுத்து, இங்கே வருகிற யாரும் டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது, எங்கள் ஆள் யாராவது நிறுத்தச் சொன்னால் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்றார். பின்னால் இரண்டு பாட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை இன்னும் கேட்கவில்லை, அடுத்த வாரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.

முகாமுக்குப் போகவில்லை. அம்மாவுக்கே விருப்பம் இல்லை, பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு மூன்று நாள் எப்படி இருப்பது என்கிறார். ஆனால் இன்று காலை நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பின்வாசல் படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி. 31 வருடம் அந்த நேரத்தில் அம்மா சோறு கட்டிக்கொண்டு இருந்தார். நான் கூப்பிடவில்லை, திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

தம்பி இன்னும் நம்பவில்லை. நீ போ, நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்கிறான். அதுவும் நல்லதுதான்.


அந்தோணியார் தெரு
ஞாயிறு மத்தியானம் 2:10

அங்கே கும்பிடச் சொல்கிறார்களா அக்கா?


பால்மரத்து மகள்
ஞாயிறு மத்தியானம் 2:25

ஒரு விளக்கு ஏற்றி வைக்கிறார்கள், கடைசியில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு வாழ்த்து. சாமி படம் இல்லை. வாருங்கள், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம், கதவு திறந்தேதான் இருக்கிறது.


பழைய டிரஸர்
ஞாயிறு மத்தியானம் 3:40

அடுத்த சனிக்கிழமை வண்டியில் இடம் இருக்குமா மகளே? ரத்தக்கொதிப்பு பார்க்கிற கருவியைக் கொண்டு வருகிறேன். அந்தப் பெண் சம்மதித்தால் வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், வருகிறவர்களுக்குப் பார்த்துவிடலாம்.


பால்மரத்து மகள்
ஞாயிறு மத்தியானம் 3:55

இருக்கிறது ஐயா, இப்போதே அவரிடம் கேட்டுவிடுகிறேன். அஞ்சே முக்காலுக்கு மார்க்கெட் பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் நில்லுங்கள், வெள்ளை மைவி கார். தம்பி முன்னால் உட்காருவான், நீங்கள் அம்மா பக்கத்தில்.